உறிஞ்சினா வரணும், ஊதினா போகக் கூடாது

மூன்று நொடிதான் அந்தச் சத்தம். காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜினுக்குள் யாரோ உண்டியலைக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று கேட்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். தை மாதம். கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் அந்த மாதத்தில் காலை ஆறரைக்கு ஆட்களே முனகிக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். வண்டியும் குளிருக்கு முனகுகிறது என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள், மப்ளரைக் காதோடு இழுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணன், "என்ன தம்பி, டாப்பெட் போச்சா?" என்றார். மப்ளரைத் தாண்டி அவர் காதுக்கே கேட்டிருக்கிறது என்றதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு வாரம் முன்புதான் ஆயில் மாற்றியிருந்தேன். வேறு வேலையாகக் கீழே போயிருந்தபோது (மலைக்காரர்களுக்கு வத்தலக்குண்டு, திண்டுக்கல், மதுரை எல்லாம் சேர்த்து ஒரே ஊர், அதன் பெயர் "கீழே") ஒரு கடையில் ஆயில் ஃபில்டர் வாங்கினேன். வழக்கமாக வாங்குவதைவிட ஐம்பது ரூபாய் குறைவு. "எல்லாம் ஒரே பொருள்தான் சார், அட்டைப்பெட்டி மட்டும்தான் வேற" என்றார் கடைக்காரர். நானும் விட்டேனா, அடுத்த சர்வீசுக்கும் ஆகுமே என்று இரண்டாக வாங்கி வந்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த இரண்டாவதை வாங்கியதுதான்.

எங்கள் பட்டறை அண்ணன் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டும் கேரட்டும் ஏற்றுகிற ஜீப்புகளோடு வளர்ந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு பானட்டைத் திறக்கவே இல்லை. "ராத்திரி முழுக்க நின்ன வண்டியிலதான் வருதா, மத்தியானம் நிப்பாட்டி எடுத்தாலும் வருதா?" என்றார். காலையில் மட்டும் என்றேன். "ஆயில் எப்ப மாத்துன?" சொன்னேன். "ஃபில்டர் எங்க வாங்குன?" அதையும் சொன்னேன். கையை நீட்டினார். டிக்கியில் கிடந்த இரண்டாவது ஃபில்டரை எடுத்துக் கொடுத்தேன்.

பாலிதீன் உறையைக் கிழித்தார். நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டையைச் சட்டை நுனியால் துடைத்தார். இளநீர் குடிக்கிற மாதிரி வாயை வைத்து உறிஞ்சினார். பிறகு ஊதினார். சுற்றியிருந்த சின்ன ஓட்டைகள் வழியே புஸ்ஸென்று காற்று வந்து என் புறங்கையில் பட்டது. பிறகு தன் அலமாரியில் இருந்து வேறொரு ஃபில்டரை எடுத்தார். உறிஞ்சினார், காற்று தாராளமாக வந்தது. ஊதினார். நாதஸ்வரக்காரர் போல இரண்டு கன்னமும் உப்பியதுதான் மிச்சம், பொட்டுக் காற்று வெளியே வரவில்லை.

"உறிஞ்சினா வரணும், ஊதினா போகக் கூடாது. அவ்ளோதான்" என்று இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

அவர் அவ்வளவுதான் சொன்னார். அது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது, வீட்டில் ஒரு பழைய பாத்திரமும் போனது.

ஆயில் பம்ப் அழுத்தித் தள்ளுகிற எண்ணெய் ஃபில்டரின் ஓரத்து ஓட்டைகள் வழியே உள்ளே போகிறது. டப்பாவின் உட்சுவருக்கும் மடிப்புக் காகிதத்துக்கும் நடுவே நிறைந்து, காகிதத்தை வெளியிலிருந்து உள்பக்கமாகக் கடந்து, நடுக்குழாய் வழியாக மரை ஓட்டைக்கு வந்து, அங்கிருந்து பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்டுக்கும் போகிறது. வண்டியை நிறுத்தினால் பம்ப் நின்றுவிடும். அப்போது டப்பாவுக்குள் இருக்கும் எண்ணெய் வந்த வழியே திரும்பி, அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்கு இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்க ஓரத்து ஓட்டைகளை உள்ளிருந்து மூடுகிற மாதிரி ஒரு ரப்பர் தட்டு வைத்திருப்பார்கள். ஆன்டி டிரெயின் பேக் வால்வு என்று பெயர். பெயர்தான் பெரிசு, பொருள் ஒரு குடை மாதிரி ரப்பர் வளையம். என் ஃபில்டரில் அந்த ரப்பர் சரியாகப் படியவில்லை. ராத்திரி முழுக்க எண்ணெய் இறங்கிவிடும். காலையில் பம்ப் முதலில் காலி டப்பாவை நிரப்பிவிட்டுத்தான் மேலே எண்ணெய் அனுப்பும். அந்த மூன்று நொடி இன்ஜினின் மேல்பாகம் புது எண்ணெய் வராமல் ஓடியிருக்கிறது.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலைக் கடகட எல்லாவற்றுக்கும் ஃபில்டரே காரணம் இல்லை. தேய்ந்த பேரிங், தளர்ந்த டைமிங் செயின், தப்பான ஆயில் என்று பல சங்கதி உண்டு. அப்புறம், மரை மேலே, டப்பா கீழே என்று செங்குத்தாகத் தொங்குகிற ஃபில்டரில் எண்ணெய் தானாகவே தங்கிவிடும், அந்த ரப்பருக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. என் வண்டியில் ஃபில்டர் படுத்திருக்கிறது. படுத்திருப்பதும் தலைகீழாக நிற்பதும்தான் இந்த ரப்பரை நம்பி வாழ்கிற ஜாதி.

அன்றைக்கே ஃபில்டரை மாற்றினோம். மறுநாள் காலை சத்தம் இல்லை. சரி, முடிந்தது என்று போயிருக்கலாம். ஆனால் கையில் ஒரு வாரம் ஓடிய மலிவு ஃபில்டரும் ஓடாத அதன் ஜோடியும் இருந்தன. உள்ளே என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்று ரம்பத்தை எடுத்தேன்.

ரம்பம் எடுத்தது முட்டாள்தனம். ஓடிய ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்தால் மடிப்பு மடிப்பாகப் பளபளவென்று இரும்புத்தூள். இன்ஜின் பேரிங்கே கரைந்து வந்துவிட்டது என்று நினைத்துக் கை நடுங்கியது. தாளில் மடித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடையில் இருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். "தம்பி, இது உன் ரம்பத்தூளு." ஓடிய ஃபில்டரை அறுக்க ரம்பமோ கிரைண்டரோ கூடாது. பிளம்பர் குழாய் வெட்டுகிற சக்கரக் கட்டர் மாதிரியே ஃபில்டருக்கென்று பெரிய கட்டர் இருக்கிறது, சுற்றிச் சுற்றி இறுக்கினால் தூள் இல்லாமல் டப்பா இரண்டாகும். இப்போது என்னிடம் ஒன்று இருக்கிறது. நான் மொத்தமாக மிச்சம் பிடித்த ஃபில்டர் காசைவிட அதன் விலை அதிகம் என்பது வீட்டில் அடிக்கடி நினைவூட்டப்படுகிறது.

ஓடாத மலிவு ஃபில்டரையும், பட்டறை அண்ணன் கொடுத்ததைப் போலவே வாங்கிய புதிய ஃபில்டரையும் திறந்து செய்தித்தாளில் அருகருகே பரப்பினேன். வெளியே இரண்டும் ஒரே உயரம், ஒரே பருமன், இரண்டிலும் பெயின்ட் பளிச்சென்று இருந்தது. மலிவுதான் கையில் எடுத்தால் கனமாகவே இருந்தது. எடை பார்த்து ஃபில்டர் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும், நானே அப்படித்தான் இருந்தேன். கனம் வெளித் தகரத்தில் வருகிறது. வேலை செய்கிறது காகிதம். தகரத்தைக் கொஞ்சம் தடிப்பாகப் போட்டுக் காகிதத்தில் மிச்சம் பிடித்தால் தராசு அதைத்தான் நல்ல ஃபில்டர் என்று சொல்லும்.

முதலில் ரப்பர். நல்லதில் இருந்த ரப்பரை விரலால் மடித்துவிட்டால் சட்டென்று பழைய வடிவத்துக்கு வந்தது. மலிவில் இருந்தது வெயிலில் கிடந்த சைக்கிள் டியூப் மாதிரி விறைத்து, ஒரு ஓரத்தில் அப்பளம் போல நெளிந்திருந்தது. அந்த நெளிவு வழியாகத்தான் என் எண்ணெய் ராத்திரி ராத்திரி இறங்கியிருக்கிறது. சாதாரணமாக இது நைட்ரைல் ரப்பரில் கருப்பாக இருக்கும். சிலிகானில் செய்தது பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் வரும், சூட்டிலும் குளிரிலும் நீண்ட நாள் மெத்தென்று இருக்கும். ஆனால் ஆரஞ்சு நிறம் கலந்த ரப்பரெல்லாம் சிலிகான் ஆகிவிடாது. நிறத்தை நம்பாமல் விரலை நம்பலாம். ஓரத்து ஓட்டை வழியே ஒரு குச்சியால் மெல்லத் தள்ளிப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து காகிதம். நல்லதில் மடிப்புகள் புடவைக் கொசுவம் மாதிரி ஒரே அளவில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நின்றன. மலிவில் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்குதான். அதிலும் ஒரு பக்கம் நாலைந்து மடிப்பு ஒட்டிக்கொண்டு கட்டையாகக் கிடந்தது, எதிர்ப்பக்கம் விரல் போகிற இடைவெளி. காகிதத்தின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் பசை ஓர் அங்குலத்துக்கு ஒட்டவே இல்லை. வடிகட்டியில் ஓர் அங்குலக் கிழிசல் இருந்தால் மற்ற காகிதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன? எண்ணெய் சுலபமான வழியில்தான் போகும், மனிதர்களைப் போல.

மடிப்பை மட்டும் எண்ணுகிறவர்களும் உண்டு. எண்ணிக்கை பாதிக் கணக்குதான். ஒரு மடிப்பின் ஆழம், உயரம், அதற்கு இரண்டு முகம், அப்புறம் எத்தனை மடிப்பு என்று பெருக்கினால்தான் மொத்தப் பரப்பு கிடைக்கும். 1.2 சென்டிமீட்டர் ஆழம், 6 சென்டிமீட்டர் உயரம், 50 மடிப்பு என்றால் 720 சதுர சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு ஏ4 தாளும் அதில் கொஞ்சமும். ஆழம் குறைவாக 60 மடிப்பு வைத்தவன் 50 மடிப்புக்காரனிடம் தோற்றுப்போக வாய்ப்பிருக்கிறது.

இந்தக் காகிதம் டீ வடிகட்டி மாதிரி ஒரே அளவு ஓட்டை போட்ட சல்லடை கிடையாது. நார்கள் கண்டபடி குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கிற புதர். தாண்டிக்குடிப் பக்கம் உண்ணிச்செடிப் புதருக்குள் கோழி நுழைந்து வெளியே வந்துவிடும், ஆடு பாதியில் சிக்கும், மாடு உள்ளேயே போக முடியாது. காகிதமும் அப்படித்தான், பெரிய துகளை நிச்சயம் பிடிக்கும், சின்னதில் சிலதைப் பிடிக்கும், சிலதை விடும். அதனால் "எத்தனை மைக்ரான் ஃபில்டர்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்கிறவரிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த அளவுத் துகளில் எத்தனை சதவீதம் நிற்கும்? மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாத 10, 20 மைக்ரான் துகள்கள்தான் அங்கே புகுந்து உப்புத்தாள் போல உரசும். 20 மைக்ரானில் 99 சதவீதம் பிடிப்பதும் 40 மைக்ரானில் 99 சதவீதம் பிடிப்பதும் வேறு வேறு சரக்கு. பெட்டியில் "99% திறன்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு மைக்ரானைச் சொல்லாமல் விட்டால் அந்த 99-க்கு அர்த்தமே இல்லை. இதை அளக்க ஐஎஸ்ஓ 4548-12 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. எண்ணெயில் அளந்த தூசியைக் கலந்து திரும்பத் திரும்ப ஃபில்டர் வழியே ஓடவிட்டு, முன்னால் எத்தனை துகள், பின்னால் எத்தனை துகள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணைப் பெட்டியிலோ தங்கள் தகவல் தாளிலோ முழுதாகச் சொல்கிற தயாரிப்பாளர் மேல் எனக்குத் தனி மரியாதை.

பாத்திரம் போன கதைக்கு வருகிறேன். நல்ல ஃபில்டர் காகிதத்தில் பிசின் ஏற்றிச் சூடுகாட்டி இறுக்கியிருப்பார்கள், ஃபீனாலிக் ரெசின் என்பார்கள். அது இருந்தால்தான் கொதிக்கிற எண்ணெயிலும் தண்ணீரிலும் காகிதம் விறைப்பாக நிற்கும். வீட்டில் சோதிக்க ஒரு வழி, புதிய காகிதத்தில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் கொதிக்கவிடுவது. மலையில் தண்ணீர் 100 டிகிரி வரும் முன்பே கொதித்துவிடும், இங்கே பருப்பு வேகவைக்கிற எல்லாருக்கும் தெரிந்த வேதனை அது. இருந்தாலும் போதும். இருபது நிமிடம். நல்ல காகிதம் விசிறி மடிப்பு கலையாமல் வெளியே வந்தது. மலிவு, பஸ் டிக்கெட்டைச் சட்டையோடு துவைத்த மாதிரி கூழாகிவிட்டது. அம்மா சமையலறைக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தச் சட்டியில யாருடா ரசம் வைக்கிறது?" என்றார். அந்தச் சட்டி இப்போது பட்டறையில் போல்ட் ஊறவைக்கப் பயன்படுகிறது.

இன்ஜினுக்குள் தண்ணீர் எங்கே வந்தது என்று கீழே இருக்கிறவர்கள் கேட்கலாம். மலைக்காரர் கேட்க மாட்டார். பெருமாள்மலையில் இருந்து கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு, டாக்டருக்கு என்று போகிற தூரமெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். எரிபொருள் எரிந்தால் நீராவி உண்டாகும், அதில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெய் நன்றாகச் சூடேறி ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். நாமோ சூடேறும் முன்பே வண்டியை நிறுத்திவிடுகிறோம். டிசம்பர், ஜனவரியில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள், உள்பக்கம் வெண்ணெய் மாதிரி வெளுத்த கசடு ஒட்டியிருக்கும். அந்த ஈரத்தில்தான் காகிதம் கிடந்து ஊறுகிறது.

குளிர் இன்னொரு வேலையும் செய்கிறது. மார்கழியில் மலைத்தேன் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவருக்குத் தெரியும், எண்ணெயும் அப்படித்தான் கெட்டியாகும். கெட்டி எண்ணெயைக் காகிதம் சட்டென்று விடாது, அழுத்தம் ஏறும். அப்போது காகிதத்தைச் சுற்றிக்கொண்டு எண்ணெய் நேரே இன்ஜினுக்குப் போக பைபாஸ் வால்வு என்று ஒரு ஸ்பிரிங் கதவு இருக்கிறது. எண்ணெயே இல்லாமல் ஓடுவதைவிட வடிகட்டாத எண்ணெய் மேல் என்ற கணக்கு. பொதுவாக 1 பார் சுமாருக்கு அது திறக்கும், கார் டயரில் நாம் அடிக்கிற காற்றில் பாதி அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்கு இன்ஜின் இது மாறும். சில இன்ஜின்களில் இந்தக் கதவை ஃபில்டருக்குள் வைக்காமல் இன்ஜினிலேயே வைத்திருப்பார்கள், அதற்கான ஃபில்டரில் கதவு இல்லை என்று குறை சொல்லக் கூடாது.

நான் அறுத்த மலிவு ஃபில்டரில் கதவு இருந்தது. பிளேடு மாதிரி ஒரு தகரச் சுருள், அதன் கீழே ஒரு தட்டு. செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் பிறை நிலா மாதிரி வெளிச்சம் தெரிந்தது. அதாவது மூடிய நிலையிலேயே திறந்திருக்கிற கதவு. சுண்டுவிரலால் தொட்டாலே முழுசாகத் திறந்தது. இதில் என்ன கொடுமை என்றால், இப்படிப்பட்ட ஃபில்டரை ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திறந்தால் காகிதம் எண்ணெய்க் கறையோடு, ஆனால் துகள் இல்லாமல் சுத்தமாக இருக்கும். பார்க்கிறவர் "ஆஹா, நம்ம இன்ஜின் தங்கம்" என்று சந்தோஷப்படுவார். வீட்டு வாசலில் போட்ட மிதியடி வருஷம் முழுக்க அழுக்காகவே இல்லை என்றால், யாரும் அதில் கால் வைக்கவில்லை என்றுதானே பொருள்.

காகிதத்தின் இரண்டு முனையிலும் தகர மூடியா அட்டை மூடியா என்று பெரிய சண்டை நடக்கும். எனக்கு அதில் அக்கறை இல்லை. அட்டையானாலும் பசை முழுசாக ஒட்டியிருந்தால் போதும், தகரமானாலும் ஒட்டாமல் ஆடினால் குப்பைதான்.

எல்லாரும் டப்பாவை அறுத்துப் பார்த்து வாங்க முடியாது, தெரியும். கடையில் நின்று நான் பார்ப்பது இவ்வளவுதான். நடு ஓட்டையில் டார்ச் அடித்து உள்ளே நடுக்குழாய் நேராக நிற்கிறதா, பிசிறு தொங்குகிறதா, பசை வழிந்து ஓட்டைகளை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். காதருகே வைத்து ஆட்டுவேன், உள்ளே எதுவும் லொடலொட என்னக் கூடாது. அடியில், இன்ஜினோடு ஒட்டி உட்காருகிற ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்துவேன், பள்ளம் விழுந்து மீள வேண்டும். மரையில் சுண்டுவிரலைச் சுற்றிப் பார்ப்பேன். கடைசியாக உறிஞ்சிப் பார்ப்பேன், ஊதிப் பார்ப்பேன். கடைக்காரர் முகம் சுளித்தால் துடைத்துக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்வேன், அல்லது வாங்காமல் வந்துவிடுவேன்.

மரை விஷயத்தில் மட்டும் விரலை நம்ப வேண்டாம், பார்ட் நம்பரை நம்புங்கள். முக்கால் அங்குல மரையும் 20 மில்லிமீட்டர் மரையும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்று 19.05 மில்லிமீட்டர், இன்னொன்று 20, வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பெரியதைச் சின்னதில் மாட்டினால் ஏறும், இறுகுகிற மாதிரியும் இருக்கும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் அழுத்தம் ஏறும்போது பிடி விட்டுவிடும்.

ஆனால் எங்கள் மலையில் நான் நேரில் பார்த்த பெரிய விபரீதம் ஃபில்டரின் குற்றமே இல்லை. எனக்குத் தெரிந்த டாக்ஸிக்காரத் தம்பி ஒருவர் அவசரத்தில் தானே ஃபில்டர் மாற்றிவிட்டு கீழே சவாரி இறங்கினார். ஊத்துப் பக்கம் வளைவில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. நல்லவேளை, உடனே இன்ஜினை நிறுத்திவிட்டார். பின்னால் போய் நான் பார்த்தபோது ரோட்டில் ஐம்பதடிக்குக் கருப்புக் கோடு. மூன்று லிட்டரும் தார் ரோட்டில். பைக்கில் வருகிறவர்கள் வழுக்கிவிடக் கூடாதே என்று ஓரத்து மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டோம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது, அதன் மேல் புது ஃபில்டர் தன் வளையத்தோடு ஏறியிருக்கிறது. இரண்டு வளையம் என்றால் இரட்டைப் பாதுகாப்பு இல்லை, ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். "கம்பெனி ஃபில்டர்னு காசு குடுத்து வாங்குனேண்ணே, ஏமாத்திட்டாங்க" என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பழைய வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்த பிறகுதான் நிறுத்தினார். வளையத்தில் விரலால் கொஞ்சம் எண்ணெய் தடவி, கையால் சுற்றி, ரப்பர் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. பெரும்பாலான வண்டிக்கு அது போதும். ஸ்பேனர் போட்டு முறுக்குகிறவர்கள் அடுத்த முறை கழற்றுகிறவரின் சாபத்தை வாங்குகிறார்கள்.

போலிகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. ஹோலோகிராம், க்யூஆர் கோடு, எம்ஆர்பி எல்லாம் அச்சடிக்கிற ஊரில் அவற்றையும் அச்சடிப்பார்கள். பாஷ், மான், மாலே, புரோலேட்டர், எலோஃபிக் என்று ஃபில்டர் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் தாங்களே ஃபில்டர் செய்வதில்லை, இப்படி ஒருவரிடம் செய்யச் சொல்லித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. அதனால் கம்பெனிப் பெட்டி இல்லை என்பதற்காக ஒன்றை ஒதுக்க மாட்டேன். எனக்கு மூன்று வருஷமாக முகம் தெரிந்த கடை முக்கியம், அவ்வளவுதான்.

புரோலேட்டர் பெயரைச் சொன்னதும் ஒரு கதை. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் 1923-ல் கொண்டுவந்த ஃபில்டருக்கு வைத்த பெயர் அது, "சுத்த எண்ணெய், அப்புறம்" என்கிற மூன்று ஆங்கிலச் சொல்லை (பியூர், ஆயில், லேட்டர்) சேர்த்துச் செய்தது. அதற்கு முன் காரில் ஆயில் ஃபில்டரே கிடையாது என்று சொல்லிவிடலாம், எண்ணெயை அடிக்கடி கொட்டி மாற்றுவதுதான் வழி. இப்போது நாம் கையால் சுற்றிக் கழற்றுகிற டப்பா 1954-ல்தான் வந்தது. பட்டறை அண்ணன் தொழில் பழகிய பழைய வில்லிஸ் ஜீப்பில் டப்பா நிரந்தரம், மூடியைத் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். அதுவும் ஓடுகிற எண்ணெயில் ஒரு சின்னப் பங்கைத்தான் வடிகட்டும். "அப்பல்லாம் திறந்தாத்தான் மாத்த முடியும். அதனால எல்லாரும் உள்ள பார்த்தோம்" என்பார். மூடிய டப்பா வந்த பிறகு பார்க்கிற பழக்கம் போய்விட்டது என்பது அவருடைய வருத்தம்.

நான் இப்போது ஒவ்வொரு சர்வீசிலும் பழையதை அறுத்துப் பார்க்கிறேன். ஃபில்டரைப் பற்றிச் சொல்வதைவிட அது இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்லும். காகிதத்தை வெட்டி எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து வைஸில் அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பார்க்கலாம். கருப்பு மாவு போல இருந்தால் கார்பன், கவலை இல்லை. மினுங்கினால் காந்தத்தை அருகே கொண்டுபோகிறேன். ஒட்டினால் இரும்பு, ஒட்டாத வெள்ளை மினுக்கம் அலுமினியமாக இருக்கலாம், செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கை நினைத்துக் கொஞ்சம் தூக்கம் போகும். ஒன்றிரண்டு புள்ளி எல்லா வண்டியிலும் இருக்கும். போன முறையைவிட இந்த முறை கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் மாட்டுக்கொட்டகைச் சுவரில் தேதி எழுதிக் காகிதத் துண்டுகளை வரிசையாக ஆணி அடித்து வைத்திருக்கிறேன். விருந்தாளிகள் ஏதோ மூலிகை காயப்போட்டிருக்கிறோம் என்று நினைக்கிறார்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு நான் மணிக்கணக்கைச் சொல்வேன். சமவெளியில் மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரியில் ஓடினால் 5,000 கிலோமீட்டருக்கு 100 மணி நேரம். இங்கே வளைவும் ஏற்றமும், 2024 மே 7-ல் இ-பாஸ் வந்த பிறகும் தீராத சீசன் நெரிசலும் சேர்ந்து சராசரி 20-தான் வருகிறது. அதே 5,000 இங்கே 250 மணி நேரம். மீட்டருக்கு ஒன்றும் தெரியாது, ஃபில்டருக்குத் தெரியும். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற தூரத்தில் பாதியிலேயே நான் மாற்றிவிடுகிறேன்.

கழற்றிய ஃபில்டரை ஒரு ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்தால் கணிசமான எண்ணெய் வடியும். அதை வேலிக் கம்புக்குக் கரையானுக்காகப் பூசுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. என் தாத்தாவும் பூசினார். நான் கேனில் சேர்த்துப் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். மழை பெய்தால் வேலியில் இருந்து அது ஓடைக்குத்தான் இறங்கும், அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே ஆட்கள் குடிக்கிறார்கள்.

போன மாதம் வத்தலக்குண்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பெட்டியைப் பிரித்து டார்ச் அடித்து, ஆட்டி, நகத்தால் அழுத்தி, எல்லாம் ஆயிற்று. வாயில் வைத்து உறிஞ்சினேன். காற்று வந்தது. கல்லாவுக்குப் பின்னால் பில் போட்டுக்கொண்டிருந்த பையன், பதினெட்டு வயது இருக்கும், பேனாவை வைத்துவிட்டு ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூச்சை இழுத்து ஊதத் தயாரானபோது பொறுக்க முடியாமல் சொன்னான்:

"அண்ணே, அது ஆயில் ஃபில்டர்ணே. காபி வராது."